இடம் விட்டு எழுந்த வீதிகள்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் நாடுவது கல்வெட்டுகளையே. கல்லில் பெயர் பொறித்துக்கொள்ளும் வாய்ப்பு அரசர்க்கும் அமைச்சர்க்கும் பெருஞ்செல்வர்க்கும் இருந்தது. வீதியில் வீடு கட்டிக் குடியிருந்தவனுக்கு அது வாய்க்கவில்லை. ஆகவே கோபுரத்தை எழுப்பியவன் பெயர் ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் மக்கள் நாவில் நிற்கிறது. அக்கோபுர நிழலில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள் எப்படி வீடு கட்டினார்கள், அண்டை வீட்டாரோடு எந்த உடன்பாட்டில் சுவர் எழுப்பினார்கள் என்பவற்றை எவரும் கல்லில் வெட்டி வைக்கவில்லை. வெட்டி வைக்காததால் சான்றே இல்லை என்று முடிவுகட்டிவிடுதல் தகாது. வீடே ஒரு சான்று. வீதியே ஒரு சாசனம். அதைப் படிக்கும் பழக்கந்தான் நம்மிடையே அருகிவிட்டது.

திருவண்ணாமலை என்றதும் மலையும் கோபுரமும் கார்த்திகைத் தீபமும் நினைவுக்கு வருவது இயல்பு. நாம் இக்கட்டுரையில் எடுத்துக்கொண்டது அவற்றையன்று. கோயில் மதிலைச் சூழ்ந்து கிடக்கும் மாட வீதிகளையும், அவற்றையொட்டிய தெருக்களையும், அங்கே வீடுகள் எழுந்த முறையையும் பற்றிச் சில செய்திகளைக் கூற விரும்புகிறோம். கோயில் நகரத்தின் குடியிருப்பு நமக்கு எதற்கு என்று வாசகர் சிலர் வினவலாம். வீதி என்பது எல்லோருக்கும் பொது. அதன் வரலாற்றில் நம் பங்கும் இருக்கிறது. அதிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது.

மலையும் மதிலும்

திருவண்ணாமலை மலையின் உயரம் 2,668 அடி. அதன் கிழக்கு அடிவாரத்தில் கோயில் அமைந்துள்ளது. கோயில் வளாகத்தின் பரப்பு ஏறத்தாழ 25 ஏக்கர். கிழக்கு, மேற்கு மதில்கள் சுமார் 700 அடி நீளமுடையவை. தென்மதில் 1,479 அடி. வடமதில் 1,590 அடி. அதாவது மலையை முதுகில் சாய்த்துக் கிழக்கு நோக்கி நீட்டிப் படுக்கவைத்த ஒரு நீள்சதுரம். ஊரின் அமைப்பு முழுவதும் இந்த நீள்சதுரத்திலிருந்தே பிறக்கிறது.

மதிலைச் சுற்றி நான்கு மாட வீதிகள் செல்கின்றன. கிழக்கே தேரடித் தெரு, தெற்கே திருவூடல் தெரு, மேற்கே பே கோபுரத் தெரு, வடக்கே பெரிய தெரு. கிழக்கிலிருந்து மேற்கே செல்லச் செல்லத் தரை உயர்ந்துகொண்டே போகும். பே கோபுரத் தெருவை அடையும்போது மலையின் மடியிலேயே நிற்கிறோம். கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் ஐந்து தேர்கள் இந்த நான்கு வீதிகளையும் சுற்றி வருகின்றன. வீதியின் அகலத்தை வகுத்தவை இந்தத் தேர்களே. தேர் திரும்பும் மூலையில் வீட்டின் தாழ்வாரம் நீட்டிக்கொண்டிருக்க இயலாது; தேர்ச்சக்கரம் ஏறும் இடத்தில் வாசற்படி கட்ட இயலாது. ஆண்டில் ஒரு நாள் வரும் தேருக்காக எல்லா வீடுகளும் ஆண்டு முழுவதும் பின்னடைந்து நின்றன. அப்படி நின்றதால்தான் எஞ்சிய நாள்களில் வண்டிக்கும் நடைக்கும் சந்தைக்கும் இடம் கிடைத்தது.

இவ்வூரில் வட ஒத்தவாடைத் தெரு, தென் ஒத்தவாடைத் தெரு என்று இரண்டு தெருக்கள் உண்டு. வாடை என்பது வீட்டு வரிசை. ஒரு பக்கம் மட்டுமே வீட்டு வரிசையுள்ள தெரு ஒற்றைவாடைத் தெரு. அது பேச்சு வழக்கில் ஒத்தவாடை ஆயிற்று. சென்னை வால்டாக்ஸ் சாலையில் அந்நாளில் புகழ்பெற்றிருந்த ஒற்றைவாடை நாடகக் கொட்டகையின் பெயரைக் கேள்விப்பட்ட முதியோர்க்கு இச்சொல் புதிதன்று. திருவண்ணாமலை ஒத்தவாடையில் ஒரு புறம் கோயில் மதில்; மறுபுறம் வீடுகள். அவ்வீட்டார் திண்ணையில் அமர்ந்தால் எதிரே அண்டை வீட்டு வாயில் இல்லை, கருங்கற்சுவர் ஒன்றுதான். மதிலுக்கும் மனைக்கும் இடையே நடைக்கும் காற்றுக்கும் விட்ட இடமே தெருவாகிப் பெயரும் பெற்றது. ஒரு தெருவின் பெயரே அதன் கட்டட அமைப்பைச் சொல்லிவிடுவதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

வல்லாளனின் பட்டணம்

கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தேவாரத்தில் இவ்வூர் பாடப்பெற்றுள்ளது. சோழர் காலக் கல்வெட்டுகள் கோயிலில் மிகுதியாக உள்ளன. ஆயினும் இவ்வூர் ஓர் அரசின் தலைமையிடமாக விளங்கியது 14ஆம் நூற்றாண்டிலேயாகும். ஒய்சள அரசன் மூன்றாம் வீர வல்லாளன், தன் தலைநகராகிய துவாரசமுத்திரம் தில்லிப் படைகளால் சூறையாடப்பட்ட பின், 1328ஆம் ஆண்டையொட்டித் திருவண்ணாமலையில் வந்து தங்கி ஆட்சி செய்தான். உண்ணாமலைப் பட்டணம் என்று அக்காலத்தில் இவ்வூர் வழங்கியது. கோயிலின் உள்ளே வல்லாளன் கோபுரம் இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வல்லாளனைப் பற்றி அரபு மொழியில் எழுதிய சமகாலத்தவர் ஒருவர் உண்டு. அவர்தாம் உலகப் பயணி இப்னு பதூதா. 'மஅபர்' என்று அரபுகள் அழைத்த நம் கடற்கரைக்கு அவர் வந்து சேர்ந்தபோது மதுரையில் கியாதுத்தீன் தாமகானி ஆட்சி செய்துகொண்டிருந்தார். சுல்தான் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மக்களிருவரை இவ்விருவரும் மணந்திருந்ததால் பயணிக்கும் மன்னருக்கும் உறவு இருந்தது. 1342இல் கண்ணனூர்க் குப்பத்தை முற்றுகையிட்ட வல்லாளன் தோற்றுச் சிறைப்பட்டதையும், எண்பது வயதைக் கடந்த அம்முதியவரிடமிருந்த செல்வத்தையெல்லாம் பெற்றுக்கொண்ட பின் அவரைக் கொன்று தோலுரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டதையும் இப்னு பதூதா மறைக்காமல் எழுதியுள்ளார். அதைத் தம் கண்ணால் கண்டதாகவும் கூறுகிறார். அம்மன்னர் சிறைப்பட்ட மக்களையும் பெண்டிர் குழந்தைகளையும் கொன்ற கொடுமையைக் கண்டு அவர் உள்ளம் வெதும்பியதும் அந்நூலிலேயே பதிவாகியிருக்கிறது. உறவினர் என்பதற்காகவோ, ஒரே மார்க்கத்தவர் என்பதற்காகவோ அவர் உண்மையை மூடவில்லை. வரலாறு எழுதுவோர் கைக்கொள்ள வேண்டிய நேர்மை இதுவே.

அப்பயணி தரும் மற்றொரு செய்தி நம் பொருளுக்கு நெருக்கமானது. வல்லாளனின் படையில் சுமார் 20,000 முஸ்லிம்கள் இருந்தனர் என்கிறார். அவர்களை ஓடிப்போன அடிமைகள் என்றும் தீயோர் என்றும் அவர் பழித்துரைக்கிறார். எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். பழிப்பு எதிர்த்தரப்பில் நின்றவரின் பழிப்பாகவே இருக்கட்டும். ஓர் இந்து மன்னரின் கொடியின் கீழ் முஸ்லிம் வீரர்கள் திரளாக இருந்தார்கள் என்பது அதனால் பொய்யாகிவிடாது. படை இருந்தால் பாளையம் இருக்கும். பாளையம் இருந்தால் அடுப்பும் தொழுகையும் குடும்பமும் இருக்கும். அந்நூற்றாண்டின் திண்ணைகளிலும் சந்தைகளிலும் நம்மவர் குரல் ஒலித்திருக்கும் என்று கருத இது இடந்தருகிறது.

வல்லாளனுக்கு மகப்பேறு இல்லாததால் இறைவனே மகனாக நின்று அவனுக்குத் திதி கொடுப்பதாக அவ்வூர் மக்கள் நம்புகின்றனர். ஆண்டுதோறும் மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டில் அச்சடங்கு நடைபெறுகிறது. மன்னன் வாழ்ந்த மாளிகை இன்று நின்று காட்சி தரவில்லை. அவன் எழுப்பிய கோபுரமும், அவன் நினைவைச் சுமந்து மக்கள் ஆண்டுக்கொருமுறை நடக்கும் வழியும் நிற்கின்றன. கட்டடம் அழியினும் வழி அழிவதில்லை. குடியிருப்பு வரலாற்றில் இது பெரியதோர் உண்மை. ஒரே மனையில் வீடு ஐந்து முறை இடிந்து ஐந்து முறை எழலாம். தெருவின் கோடு மட்டும் பெரும்பாலும் மாறாது.

பின்னர் விசயநகர வேந்தர் கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபத்தையும் 11 நிலைகளும் 217 அடி உயரமும் உடைய கிழக்கு இராசகோபுரப் பணியையும் தொடங்கினார். தஞ்சை நாயக்கர் சேவப்பர் கோபுரத்தை முடித்தார். வடக்குக் கோபுரம் அரசர் பெயரால் வழங்கவில்லை. அம்மணி அம்மாள் என்னும் துறவி வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டி அதை முடித்ததாகக் கூறுவர். அம்மணி அம்மன் கோபுரம் என்பதே அதன் பெயர். நான்கு கோபுரங்களுள் ஒன்றாவது வீதியின் பணத்தில் எழுந்தது என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கோட்டையாக மாறிய கோயில்

18ஆம் நூற்றாண்டு இவ்வூர் வீடுகளுக்குக் கடுமையான காலம். ஆர்க்காட்டு நவாபுகளின் பிடி தளர்ந்தபோது, உயர்ந்த மதில்களையுடைய இக்கோயில் போரிடுவோர் கண்ணுக்குக் கோட்டையாகவே தோன்றிற்று. 1753இல் முர்தஸா அலீகானும் முராரி ராவும் முற்றுகையிட்டனர். 1757இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றினர். 1760இல் ஆங்கிலத் தளபதி ஸ்டீபன் ஸ்மித் பிடித்தார். 1767 செப்டம்பரில், செங்கத்தில் நடந்த சண்டையைத் தொடர்ந்து, ஹைதர் அலீயும் ஹைதராபாத் நிஜாமும் ஒரு புறமும், கர்னல் ஜோசப் ஸ்மித் மறுபுறமுமாகத் திருவண்ணாமலையில் பொருதனர். அடுத்த மைசூர்ப் போர்களில் ஒன்றின்போது திப்பு சுல்தானின் படையும் இங்கு வந்தது.

மதிலுக்குள் இருப்பவன் துப்பாக்கி பிடிக்க, மதிலுக்கு வெளியே இருப்பவன் பீரங்கி நிறுத்த, இடையிலே கிடந்தவை மாட வீதி வீடுகள். கூரையும் மண்சுவரும் கொண்ட வீடுகள் இத்தனை முற்றுகைகளைத் தாங்கி நின்றிருக்க முடியாது. நாம் இவ்வூரில் பழைய வீடுகள் என்று சுட்டும் செங்கல் சுண்ணாம்பு வீடுகளிற் பெரும்பகுதி, அமைதி திரும்பிய 19ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னும் எழுந்தவை என்று கொள்வதே பொருத்தம். வீடு புதிது, மனை பழையது, வீதி அதனினும் பழையது.

நவாபுகளின் ஆட்சி இத்தெருக்களில் விட்டுச்சென்ற தடம் எது? வானளாவிய கட்டடம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். தாலுகா, ஜில்லா, அசல், நகல், வசூல், பாக்கி என்று வரும் சொற்கள் அத்தனையும் அரபு வேரிலிருந்து வந்தவை. வீட்டைச் செப்பனிடுவதை மராமத்து என்கிறோமே, அதுவும் அவ்வழிப்பட்டதே. மனையின் நான்கு எல்லைகளைக் குறிக்கும் பகுதிக்குச் செக்குபந்தி என்று பெயர். இது பாரசீக வழி வந்த சொல். எந்தச் சமயத்தவர் வீடு வாங்கினாலும் விற்றாலும் இச்சொற்களில்லாமல் பத்திரம் எழுதப்பட்டதில்லை. கல்லில் இல்லாத வரலாறு இப்படிச் சொல்லில் உறைந்து கிடக்கிறது.

தெருப் பெயரும் அத்தகையதே. இந்நகரில் துராபலித் தெரு என்று ஒரு தெரு உண்டு. துராப் அலீ என்னும் பெயரின் ஒலி அதில் கலந்து நிற்கிறது. துராப் என்றால் மண். ஹளரத் அலீ (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அன்போடு 'அபூ துராப்', அதாவது மண்ணின் தந்தை, என்று அழைத்தார்கள். கோயில் நகரத்தின் தெரு ஒன்று மண்ணின் பெயரைத் தாங்கி, தமிழ் நாவுக்கேற்ப வடிவம் மாறி வாழ்வதைக் காண்கிறோம்.

வீட்டின் உறுப்புகள்

மாட வீதி வீடுகளின் முகப்பு குறுகியது. உள்ளே நீளம் மிகுதி. வீதியை நோக்கிய மனைக்கு மதிப்பு அதிகமாதலால் ஒவ்வொருவரும் வீதியில் சிறிது இடம் கொண்டு, பின்னே ஆழமாகச் சென்றனர். முதலில் திண்ணை; அதன்மேல் மரத்தூண் தாங்கும் தாழ்வாரம். பிறகு வாயிற்கதவும் நடையும். அதைக் கடந்தால் வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் கூடமும் அறைகளும். பின்கட்டில் அடுக்களை, கிணறு, கொல்லை.

இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் ஒட்டியிருப்பதால் பக்கங்களில் சன்னல் வைக்க வழியில்லை. ஒளிக்கும் காற்றுக்கும் முற்றமே வாயில். பகலில் முற்றத்து வெப்பக் காற்று மேலெழ, வீதியிலிருந்தும் கொல்லையிலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்படும். மழை நாளில் நான்கு பக்கக் கூரை நீரும் முற்றத்தில் விழுந்து, தளத்தின் கீழோடும் சாக்கடை வழியே வெளியேறும். வீட்டுப் பெண்டிர் வெயிலும் நிலவும் காண்பதற்கு வீதிக்கு வரவேண்டியதில்லை. வானமே வீட்டுக்குள் இறங்கி வந்தது.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் வாழும் நம் குடும்பத்தினர்க்கு இந்த அமைப்பு அயலானதாகத் தோன்றாது. அங்கும் குறுகிய முகப்பு, ஆழ்ந்த உட்பகுதி, முற்றம். வேறுபாடு ஒன்றே: காயலில் வீடுகளுக்கிடையே முடுக்கு என்னும் சந்துகளை விட்டுப் பெண்கள் புழங்குவதற்குத் தனி வழி அமைத்தனர். அங்கே பெண்ணின் நடைக்கு இடம் விட்டார்கள்; இங்கே தேரின் நடைக்கு இடம் விட்டார்கள். இரண்டிலும் தன் மனையின் முழு அளவையும் சுவராக்கிவிடாத மனம் ஒன்றே.

கட்டுமானப் பொருள்களைப் பற்றியும் ஒரு சொல். அடித்தளத்திற்குக் கருங்கல் கிடைத்தது. சுவருக்குச் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சுண்ணாம்பைக் குழியிலிட்டு மாடு பூட்டிய கல்லுருளையால் அரைத்தனர். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் சேர்ப்பதுண்டு. சுண்ணாம்பு பல நாள் மெல்ல மெல்ல இறுகும், சுவர் மூச்சுவிடும். கூரைக்கு நாட்டு ஓடு. 1860களில் மங்களூரில் தட்டை ஓட்டுத் தொழில் தொடங்கி, இருப்புப் பாதை வழியே ஓடுகள் உள்நாட்டுக்கு வந்தபோது, பல வீடுகள் அவற்றை அணிந்தன. வசதியுள்ளோர் தேக்கு விட்டங்களின்மேல் செங்கற்களைக் கோணவாக்கில் அடுக்கிச் சுண்ணாம்புத் தளம் போட்ட மச்சு வீடு கட்டினர்.

திண்ணையின் சட்டம்

திண்ணை வீட்டுக்காரனுடையதா, வீதியினுடையதா? கேள்வி எளிது, விடை எளிதன்று. நம் மதரஸாக்களில் ஓதப்பெறும் ஷாஃபிஈ சட்ட நூல்களுள் இமாம் நவவீ அவர்கள் தொகுத்த 'மின்ஹாஜுத் தாலிபீன்' தலையாயது. ஹிஜ்ரி 676இல் மறைந்த அப்பெரியார், பொது வழியில் மேடை கட்டுவதையும் மரம் நடுவதையும் தடுத்துரைக்கிறார்கள். பிறர்க்கு இடையூறில்லையெனில் கூடும் என்ற மற்றொரு கருத்தும் உண்டு என்று குறிக்கிறார்கள். வீட்டின் மாடத்தை வீதியின் மேல் நீட்டலாமா என்பதற்கும் அளவு வகுத்திருக்கிறார்கள். கீழே நடப்பவன் குனியாமல் நிமிர்ந்து செல்ல வேண்டும். குதிரையும் வணிகக் கூட்டமும் செல்லும் வழியாயின் ஒட்டகத்தின்மேல் அம்பாரி தன் நிழற்கம்புகளோடு இடிபடாமல் போகவேண்டும் என்பது அவ்வளவு.

டமாஸ்கஸில் ஒட்டகத்து அம்பாரி; திருவண்ணாமலையில் தேர். ஊரும் மொழியும் சமயமும் வேறு. ஆயினும் வீதியில் செல்லக்கூடிய மிகப்பெரிய ஒன்றை அளவுகோலாக வைத்து வீட்டின் நீட்சியை வரையறுத்த நெறி ஒன்றே. இதைக் காணும்போது நம் உள்ளம் வியப்படைகிறது.

மாட வீதித் திண்ணைகள் பெரும்பாலும் வீட்டின் கூரைக்குக் கீழே, தம் எல்லைக்குள்ளேயே அமைந்தவை. தன் மனையில் ஒரு பகுதியைச் சுவருக்கு வெளியே விட்டு, வழிப்போக்கனும் அமரலாம் என்று வைத்த ஏற்பாடு அது. தீப நாளில் மலை சுற்ற வந்தவன் அதில் தலை சாய்த்தான். பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகினர். இரவில் காவற்காரன் அமர்ந்தான். அவனைப் பெயர் கேட்டு அமர்த்தியவர் இல்லை.

பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறும், அமர்ந்தே தீரவேண்டுமெனில் பாதைக்குரிய கடமைகளைச் செலுத்துமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்ததை நாம் அறிவோம். பார்வையைத் தாழ்த்துதல், துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்கு மறுமொழி கூறல், நன்மையை ஏவுதல் ஆகியன அக்கடமைகள். திண்ணையில் அமர்வோர்க்கு இதனினும் சிறந்த ஒழுங்குமுறையை எவரால் எழுத முடியும்? அண்டை வீட்டான் தன் சுவரில் விட்டம் பதிப்பதைத் தடுக்கலாகாது என்னும் நபிமொழியும் ஒட்டுச்சுவர் வீடுகளுக்கு நேரே பொருந்துவது. அது கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதில் சட்ட அறிஞர்கள் வேறுபட்டனர். மாட வீதியில் இந்து வீட்டின் விட்டம் முஸ்லிம் வீட்டுச் சுவரிலும், முஸ்லிம் வீட்டின் விட்டம் இந்து வீட்டுச் சுவரிலும் அமர்வதற்கு நூல் ஆராய்ச்சி தேவைப்படவில்லை. அண்டை வீட்டாரின் ஒரு சொல் போதுமாயிருந்தது.

நீருக்கு விட்ட இடம்

மலையில் பெய்யும் மழை கீழே வந்தாக வேண்டும். பழைய ஊர் மலையின் கிழக்குச் சரிவு முடியும் இடத்தில் அமைந்து, வீதிகளையே நீரின் வழியாகவும் கொண்டு, அய்யங்குளம், தாமரைக்குளம் முதலிய குளங்களுக்கு அந்நீரைத் தந்தது. தெப்பத் திருவிழாக் காணும் அய்யங்குளம் வெறும் அழகுக்காக வெட்டப்பட்டதன்று. அது ஊரின் வயிறு. குளத்திற்கு விட்ட இடத்தையும், குளத்திற்குச் செல்லும் கால்வாய்க்கு விட்ட இடத்தையும் கூட்டினால் எத்தனையோ மனைகள் தேறும். முன்னோர் அக்கணக்கைப் போடவில்லை.

ஊர் வளர்ந்தது. 1886இல் நகராட்சியாயிற்று. 1989 செப்டம்பர் 30இல் புதிய மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கில் மக்கள் தொகை 1,45,278. 2024இல் மாநகராட்சியாக உயர்ந்தது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலை சுற்றி வருவோர் தொகை கடந்த சில பத்தாண்டுகளில் பெருகப் பெருக, சமதரையில் மனையின் விலை எளியோர் கைக்கு எட்டாது உயர்ந்தது. எளியவர்கள் எங்கே போவார்கள்? மலைச்சரிவில் ஏறினார்கள்.

2024 டிசம்பர் முதல் நாள், ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தன. சிறார் உட்பட ஏழு உயிர்கள் மண்ணுக்குள் மறைந்தன. இறந்தவர்களைக் குறை கூற எவர்க்கும் உரிமையில்லை. தங்குவதற்கு வேறிடம் இல்லாதவன் கிடைத்த இடத்தில் கூரை போடுகிறான். ஆனால் அவனை அங்கே தள்ளியது எது என்று கேட்கும் கடமை நமக்குண்டு. கீழே உள்ளவர்கள் ஓரங்குலமும் விடாமல் அடைத்துக்கொண்டால் மேலே உள்ளவனுக்கு ஆபத்தான இடமே மிஞ்சும். இடம் விடாமை என்பது கட்டடக் கலையின் குறை மட்டுமன்று. அது ஓர் அநீதி.

இன்றைய நிலை

மாட வீதிகளில் இன்று பழைய முகப்புகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. பங்காளிகள் பெருகி வீடு கூறாகும்போது முற்றம் முதலில் மூடப்படுகிறது. பிறகு திண்ணை கடையாகிறது. பிறகு வீடு முழுவதும் இடிந்து தங்கும் விடுதியாகிறது. கடைக்காரன் வாசலில் சாய்தளம் கட்டிச் சாலையில் ஓரடி நீட்டுகிறான்; அடுத்தவன் இரண்டடி நீட்டுகிறான். சாலையும் ஒவ்வொரு முறை போடப்படும்போதும் சிறிது உயர்கிறது. ஒரு காலத்தில் மூன்று படி ஏறிச் சென்ற வீட்டுக்குள் இப்போது படியிறங்கிச் செல்லும் நிலை. வீதியின் மழைநீர் வீட்டுக்குள் நுழைகிறது. நீருக்கு வழி விடாதவன் வீட்டுக்கு நீரே வழி தேடி வருகிறது.

பழைய வீடுகளெல்லாம் அப்படியே நிற்கவேண்டும் என்று நாம் கூற வரவில்லை. ஓடு ஒழுகும் வீட்டில் வாழ்பவனுக்கு அதன் அழகைப் பற்றிப் போதிப்பது அறமாகாது. பெருகிய குடும்பத்திற்கு அறை வேண்டும். வருவாய்க்குக் கடை வேண்டும். புதிதாகக் கட்டுவோர் பழைய வீட்டின் வடிவத்தைப் பின்பற்றாவிடினும், அதன் நெறியைக் கைக்கொள்ளலாம் என்பதே நம் வேண்டுகோள். மேலே வானத்துக்கு ஓரிடம், முன்னே வழிப்போக்கனுக்கு ஓரிடம், பக்கத்தில் அண்டை வீட்டுக் காற்றுக்கு ஓரிடம், கீழே நீருக்கு ஓரிடம். இந்நான்கையும் விட்டபின் எஞ்சுவதே நம் வீடு.

இன்னுமொன்று உண்டு. வீட்டை இடிக்குமுன் அதை அளந்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். எத்தனை முழத்தில் முற்றம் இருந்தது, தூண்கள் எத்தனை, கிணறு எந்த மூலையில் என்று எழுதுங்கள். வீட்டிலுள்ள பழைய பத்திரங்களை மக்கிப்போக விடாதீர்கள். செக்குபந்தியைப் படித்துப் பாருங்கள். கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை, வடக்கே பொதுச் சுவர், தெற்கே வீதி என்று அதில் அண்டை வீட்டார் அனைவரும் பெயரோடு நிற்பார்கள். வழிநடைப் பாத்தியம், கிணற்றுப் பாத்தியம், கூரைநீர் விழும் பாத்தியம் என்று ஒருவர்க்கொருவர் விட்டுக்கொடுத்தவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நாம் எந்த ஊரில், யாருடைய சுவரோடு சுவராக, எத்தனை தலைமுறை வாழ்ந்தோம் என்பதற்கு அதனினும் வலுவான சாட்சியம் வேறில்லை. கோபுரத்திற்குக் கல்வெட்டு இருப்பதுபோல எளிய குடும்பத்திற்கு இருக்கும் ஒரே கல்வெட்டு அந்தப் பத்திரந்தான்.

அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பிள்ளைகளிடம் ஒரு முறையேனும் வாசித்துக் காட்டுங்கள். தம் வீட்டின் எல்லையை மட்டுமன்றி, அந்த எல்லையில் நின்றவர்களின் பெயர்களையும் அவர்கள் அறிந்து வளரட்டும்.